பன்றிப் பலகை

நார்த் ஃபோர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் சங்கிலிக்காரர்களுக்குக் கண் உண்டு, கை உண்டு, வாய் கிடையாது. ஆரஞ்சு நிற மேலங்கியை அணிந்து கோட்டோரம் நின்றுவிட்டார்களாயின், எந்த அணி வென்றாலும் தோற்றாலும் அவர்கள் முகத்தில் ஒரு தசையும் அசையலாகாது. பத்து கெஜத்தை அளக்கும் சங்கிலியின் இரு முனைகளையும் இறைச்சிக்கடை மெர்லும், பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்பர்ட்டும் பிடிப்பர். பந்து கிடக்கும் இடத்தைக் காட்டும் கழியைப் பிடிப்பவர் லைல் பிராண்ட்வோல்ட். அக்கழியின் உச்சியில் ஒரு சதுரப் பலகை. அதில் ஒன்று முதல் நான்கு வரை மாற்றக்கூடிய எண்கள். பத்து கெஜம் முன்னேறுவதற்கு ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; தவறினால் பந்து எதிரணிக்குப் போகும். நடப்பது எத்தனையாவது முயற்சி என்பதை லைலின் பலகை சொல்லும். லைல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மூவரும் உள்ளூர்க்காரர்களே. ஆனால் சங்கிலி நிற்கும் பக்கமோ வெளியூர் அணியின் பக்கம். ஆகவே வந்தவர்கள் நம் பிள்ளைகளை ஏசுவதையும், அவர்களை வீழ்த்தத் திட்டமிடுவதையும் காதருகே கேட்டுக்கொண்டு, பால் பொங்கி வழிவதைக் கைகட்டிப் பார்ப்பவர்போல நிற்க வேண்டும். இருபது ஆண்டுகளாக லைல் அப்படித்தான் நின்றார். அவருடைய மகன் குன்னார் அக்கல்லூரி அணியில் சேர்ந்த பிறகும் அப்படியே நின்றார்.

நவம்பரில் டன்மோர் கல்லூரியோடு நடக்கும் ஆட்டம் மற்ற ஆட்டங்களைப் போன்றதன்று. பழைய டிராக்டர் ஒன்றிலிருந்து கழற்றிய இரும்பு இருக்கையை மரக்கட்டையில் பொருத்தி வைத்திருக்கிறார்கள்; அதுவே பரிசு. வென்ற அணியின் தலைவன் அதில் அமர, அவனைத் தோழர்கள் தூக்கிச் செல்வர். அவன் அமருமுன், தோற்ற அணியின் தலைவன் தன் ஆட்டச் சட்டையைக் கழற்றி அவ்விருக்கையைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாகத் துடைப்பது நார்த் ஃபோர்க்கின் வேலையாகவே இருந்து வந்தது.

அவற்றுள் சென்ற ஆண்டுத் தோல்வியை ஊரார் குன்னாரின் கணக்கில் எழுதியிருந்தனர். விசில் ஊதிய பிறகு டன்மோர் வீரன் ஒருவன் அவன் விரல்களை மிதித்தான். அதை ஒருவரும் காணவில்லை. குன்னார் எழுந்து அவனை அறைந்தான். அதை மைதானமே கண்டது. முதல் அடி காற்றோடு போகும், இரண்டாம் அடிதான் நடுவர் கண்ணில் படும் என்பது அவ்விளையாட்டில் பழமொழிக்குச் சமம். குன்னார் வெளியேற்றப்பட்டான்; அவன் விட்டுச் சென்ற இடைவெளி வழியாகவே டன்மோர் ஓடி வென்றது. அக்குளிர்காலம் முழுவதும், முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்திலும் அவனுக்கு அந்த ஆட்டமே பரிமாறப்பட்டது. இவ்வாண்டு அவனே அணித்தலைவன்; அவனுக்கு இது கல்லூரியின் கடைசி ஆட்டமுங்கூட. கடைசி விசில் வரையில் மைதானத்தில் நிற்பது: அவன் மேற்கொண்ட விரதம் அது ஒன்றுதான்.

அவன் சினம் பிறவிச் சினம். சிறுவனாக இருந்தபோது, லைலின் பன்றிப் பண்ணையில், வண்டியில் ஏற மறுத்த கிடாப்பன்றி ஒன்றைத் தோளால் முட்டித் தள்ளப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் அமர்ந்தவன் அவன். பன்றி வளர்ப்போர் எவரும் பன்றியோடு மோதுவதில்லை. இடுப்பளவு உயரமுள்ள ஒரு பலகையை முழங்காலுக்கு முன் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பர். சுவர் வந்துவிட்டதென்று எண்ணிப் பன்றி தானே திரும்பிக்கொள்ளும். நாளடைவில் அது பிராண்ட்வோல்ட் வீட்டின் மொழியாயிற்று. யாருக்கேனும் சினம் மூண்டால், எதிரிலிருப்பவர் வாய் திறவாமல் கையில் கிடைத்த தட்டையோ தலையணையையோ முழங்காலுக்கு முன் பிடித்து நிற்பார். நன்றியறிதல் திருநாள் விருந்தில் மைத்துனர் அரசியல் பேசத் தொடங்கியபோது, லைலின் மனைவி ரோண்டா வான்கோழித் தட்டையே அவ்வாறு பிடித்து நின்றதுண்டு. குழம்பு கொட்டியது, சண்டை நின்றது.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே குன்னார் தன் விரதத்திற்குத் தானே உலை வைத்தான். அச்செயலில் சினமில்லை, குறும்புதான் இருந்தது. டன்மோரின் பந்தெறியும் வீரனை முறைப்படி, அழகாக வீழ்த்தினான். வீழ்த்தியவன் எழுந்து போயிருக்கலாம். அவ்வீரன் கை துடைப்பதற்காக இடுப்பில் தொங்கவிட்டிருந்த வெள்ளைத் துண்டை உருவி, தன் தலைக்கவசத்தின் கம்பிகளுக்கிடையே நுழைத்து மூக்கைத் துடைத்து, மடித்து, மிகுந்த மரியாதையோடு மீண்டும் அவன் இடுப்பிலேயே செருகினான். பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தவறு நடந்ததென்று காட்டும் நடுவரின் மஞ்சள் துணி பறந்து விழுந்தது.

சங்கிலிக்காரர்களுக்கு மேலாளாக அக்கோட்டில் நிற்கும் நடுவர் யோலாண்டா பெனாவிடெஸ். வார நாள்களில் கணக்கு ஆசிரியை. அவர் குன்னாரை அருகழைத்தார்.

"என்ன தம்பி, சளியா?"

"குளிரு மேடம்."

"பதினஞ்சு கெஜம் போச்சு. பண்பில்லாத ஆட்டம்னு இன்னொரு துணி விழுந்தா நீ வீட்டுக்குப் போயி கஷாயம் குடிக்கலாம். புரியுதா?"

"புரியுது மேடம்."

இவ்வுரையாடல் லைலுக்குக் கேட்டது. அவருக்குப் பின்னால் நின்ற அறுபத்தாறாம் எண் சட்டைக்காரனுக்கும் கேட்டது. அவன் பெயர் வேட் ஹக்கபி. டன்மோர் அணியின் தலைவன். குளிர்பதனப் பெட்டிக்குக் கைகால் முளைத்தாற்போன்ற உடல். பேச்சு நிற்காத வாய். அவன் தன் தோழர்களைக் கூட்டினான்.

"டேய், கேட்டீங்களா? இன்னும் ஒண்ணே ஒண்ணு. அவனுக்கு மூக்கு மேல கோவம். போன வருஷம் விரலை மிதிச்சோம், கிளம்பிட்டான். இந்த வருஷமும் அனுப்பி வச்சுருவோம்."

"கோச் திட்டுவாருடா."

"கோச் அந்தப் பக்கம் பாத்துட்டு இருப்பாரு. என்ன கோச்?"

டன்மோரின் பயிற்சியாளர் உண்மையாகவே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் நடந்தவற்றை லைல் பத்தடி தூரத்திலிருந்து கண்டார். வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கும் குவியலுக்குள் குன்னாரின் தொடை கிள்ளப்பட்டது. பந்து ஒரு பக்கம் போக, மறு பக்கத்தில் அவன் முழங்கால் பின்னாலிருந்து இடிக்கப்பட்டது. எழுந்து நின்றவன் காதில் "ஙொர்ர், ஙொர்ர்" என்று பன்றி உறுமும் ஓசை தொடர்ந்தது. ஒவ்வொரு முறையும் குன்னாரின் கழுத்து சிவந்தது. ஒவ்வொரு முறையும் அவன் வானத்தைப் பார்த்து மூச்சுவிட்டுத் தன் இடத்திற்குத் திரும்பினான். பத்தடி அப்பால் லைலும் அதே வானத்தைப் பார்த்தார்.

தங்கள் அணி பந்தை இழந்து ஓய்ந்திருக்கும் வேளைகளில் வேட் லைலின் அருகில் வந்து நிற்பான். நல்ல பிள்ளைதான். கையிலிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டுவான்.

"சாப்பிடு பெருசு. உங்க ஊர்ல என்ன இந்த நாத்தம் அடிக்குது? பன்னி வாடையில எப்படித்தான் சோறு இறங்குதோ!"

"பழகிரும்" என்றார் லைல்.

"அந்தப் பன்னிக்காரன் மகன் இருக்கானே, நாப்பத்திநாலாம் நம்பர். இன்னைக்கு அவனை அழவச்சு அனுப்பறோம், பாத்துக்கிட்டே இரு. அவங்கப்பன் எங்கயாவது உக்காந்து பாத்துட்டு இருப்பான்ல?"

"இருப்பாரு."

"பாவம்."

லைல் தம் பலகையில் இரண்டை மூன்றாக மாற்றினார்.

இடைவேளையில் மெர்லால் பொறுக்க முடியவில்லை. தின்பண்டக் கொட்டகைக்குப் பின்னே லைலின் கையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ், நம்ம கோச்கிட்ட ஒரு வார்த்தை போட்டுட்டு வந்துர்றேன். பையனைச் சீண்டுறாங்க, உசாரா இருங்கன்னு. அவ்வளவுதான்!"

"கூடாது."

"அது உன் பையன்யா!"

"இந்த ஆரஞ்சுக் கோட்டைப் போட்டா நான் யாருக்கும் அப்பன் இல்ல."

"அப்ப கோட்டைக் கழட்டிட்டுப் போய்ச் சொல்லு!"

"கழட்டிட்டா அதுக்கப்புறம் போட முடியாது."

டெல்பர்ட் காரமான பீன்ஸ் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்து உண்டுகொண்டிருந்தார். "வாயை மூடு மெர்ல்" என்றார் அவர். "நாளைக்கு அவங்க ஊர்ல நம்ம பசங்க பேசுறதை அவங்க சங்கிலிக்காரன் போய்ச் சொன்னா நீ என்ன பண்ணுவே?"

"அவன் கறி வாங்க வந்தா எலும்பா நிறுத்துக் கொடுப்பேன்" என்றார் மெர்ல். ஆயினும் அவர் போகவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் நார்த் ஃபோர்க் மூன்று புள்ளிகள் முன்னே இருந்தது. பந்து டன்மோரிடம். ஒரு முறை எல்லையைத் தொட்டுவிட்டால் இருக்கை நான்காம் ஆண்டும் அவர்களுடன் போகும். காலையில் உறைந்திருந்த மண் வெயிலில் இளகிச் சேறாகியிருந்தது; லைலின் காலணிகள் அதில் கணுக்கால்வரை இறங்கி நின்றன. மூன்றாவது முயற்சி, இன்னும் ஆறு கெஜம் தேவை. டன்மோர் வீரன் பந்தோடு கோட்டோரமாக ஓடி வந்தான். குன்னார் குறுக்கே பாய்ந்து, தோளைக் கொடுத்து, அவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளினான். இரண்டு கெஜமே கிடைத்தது. விசில் ஊதியது. இருவரும் லைலின் காலடியில் வந்து விழுந்தனர். யோலாண்டா தம் காலை ஊன்றி இடத்தைக் காட்ட, லைல் கழியை அங்கே நாட்டி நின்றார். யோலாண்டா ஓடியவனை எழுப்பிவிட அப்பால் நகர்ந்தார்.

அப்போதுதான் வேட் வந்தான். விசில் ஊதி, வீரர்கள் திரும்பத் தொடங்கிய பிறகு, ஓட்டத்தைச் சற்றும் குறைக்காமல் வந்து, முழந்தாளிட்டு எழுந்துகொண்டிருந்த குன்னாரின் விலாவில் தலைக்கவசத்தால் முட்டினான். குன்னார் சேற்றில் முகம் பதிய விழுந்தான். வேட் குனிந்து அவன் முகக்கம்பியைப் பற்றித் தூக்கி, "ஙொர்ர்! எழுந்திரு பன்னிக்குட்டி, அப்பன் பாக்குறான்!" என்றான்.

அந்த ஒரு கணத்தில் எந்த நடுவரின் கண்ணும் அவ்விடத்தில் இல்லை. குன்னார் எழுந்தான். எழும்போதே முஷ்டி இறுகியிருந்தது. தோழர்கள் கூச்சலிட, நடுவர்கள் அனைவரும் திரும்பத் தொடங்கினர். இரண்டாம் அடியைப் பார்க்க அவர்கள் வந்துகொண்டிருந்தனர்.

லைல் வாய் திறக்கவில்லை. அவர் செய்தது இதுதான்: கழியைச் சேற்றிலிருந்து பிடுங்கித் தலைகீழாகத் திருப்பி, உச்சியிலிருந்த சதுரப் பலகையைத் தம் முழங்காலுக்கு முன் பிடித்துக்கொண்டு, குன்னாரை நோக்கிச் சும்மா நின்றார்.

குன்னார் அப்பலகையைப் பார்த்தான். பிறகு எதிரே மூச்சிரைக்க நின்ற அறுபத்தாறைப் பார்த்தான். சிவந்த கன்னங்களையும், தாழ்ந்த தலையையும், புகைவிடும் மூக்கையும் பார்த்தான். வண்டியில் ஏற மறுத்த கிடாப்பன்றி அவன் நினைவிற்கு வந்திருக்க வேண்டும். முஷ்டி தளர்ந்தது. சேறு ஒழுகும் முகத்தோடு அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஐயோ அப்பா! இவனுக்கா பலகை?"

இல்லாத ஒரு பலகையை இரு கைகளாலும் தன் முழங்காலுக்கு முன் பிடித்துக்கொண்டு அவன் மெல்ல ஓரடி விலகி நின்றான்.

"எதுக்குடா சிரிக்கிறே?" என்று வேட் கத்தினான். அடிபட்டவன் அழுதால் பொறுக்கலாம்; சிரித்தால் எவ்வாறு பொறுப்பது? இரு கைகளாலும் குன்னாரின் மார்பில் தள்ளினான். குன்னார் முன்னரே விலகிவிட்டபடியால், வேட் தானே நிலை தவறிச் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். இதை எல்லா நடுவர்களும் கண்டனர். மூன்று மஞ்சள் துணிகள் அவன் முதுகின்மேலேயே வந்து விழுந்தன.

சேற்றில் கிடந்தவாறே வேட் தலையைத் தூக்கினான். பதினைந்து கெஜத் தண்டனையைக் காட்டிலும் வேறொன்று அவனை உறுத்தியது.

"அப்பாவா? இந்தப் பெருசா உங்கப்பா?"

"ஆமா."

"காலையிலேருந்து இவருகிட்டதான் எல்லாத்தையும் சொல்லிட்டு இருந்தேன்!"

"அவரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றான் குன்னார்.

யோலாண்டா வந்தார். வழக்கம்போல் கழி நிற்கும் இடத்தைத் தேடியவர் திகைத்தார். கழி தலைகீழாக லைலின் கையில் இருந்தது.

"லைல், என்ன இது? பந்து இருந்த இடம் எங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா? குச்சியைப் பிடுங்கிட்டீங்களே!"

"குச்சியைத்தான் எடுத்தேன். காலை எடுக்கல."

யோலாண்டா குனிந்து பார்த்தார். லைலின் காலணிகள் சேற்றில் புதைந்தபடியே இருந்தன. அவற்றினருகே கழி நின்ற குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தலைமை நடுவரும் வந்து பார்த்து, இடம் சரியே என்று ஒப்புக்கொண்டார்.

டன்மோர் பயிற்சியாளர் இப்போது இந்தப் பக்கம் பார்த்தார். "அந்தாளு அவனோட அப்பா! பையனுக்கு ஏதோ ஜாடை காட்டினாரு! இதெல்லாம் நியாயமா?"

"உங்க பையன் முட்டினது நியாயமா கோச்?" என்றார் யோலாண்டா. பிறகு லைலிடம் திரும்பினார். குரல் தாழ்ந்தது. "அது ஜாடையா லைல்?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்துடன் போயிருக்கும். லைல் கழியை நேராக நிமிர்த்தினார்.

"ஆமா. பன்னி மறிக்கிற ஜாடை."

"இருபது வருஷமா நான் சொல்லாம அந்தக் குச்சி ஒரு அங்குலம் நகந்ததில்ல."

"தெரியும்."

"கோட்டைக் கொடுங்க."

மாற்றாளாகக் காத்திருந்த தபால்காரரிடம் கழி போயிற்று. மெர்ல் ஏதோ சொல்ல வாயெடுத்து, தாம் இன்னும் மேலங்கியோடு நிற்பதை நினைத்து மூடிக்கொண்டார். லைல் எல்லைக் கோட்டைச் சுற்றிக்கொண்டு, எதிர்ப்பக்கத்து உள்ளூர்ப் படிக்கட்டுகளை நோக்கி நடந்தார். அந்தப் பக்கத்திலிருந்து இந்த மைதானம் எப்படித் தோன்றும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். ரோண்டா மடியிலிருந்த தகர ரொட்டித் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார்.

"துரத்திட்டாங்களா?"

"ம்."

"பையனைத் துரத்துவாங்கன்னு பயந்துட்டே இருந்தேன். நீ போயிட்டே!"

கீழே நான்காவது முயற்சி. நான்கு கெஜத்தில் முடிந்திருக்க வேண்டியது, தண்டனையால் பத்தொன்பது கெஜமாக நீண்டிருந்தது. டன்மோர் அணி வரிசையில் நின்றது. குன்னார் நடுவில், விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

 லைல் இருபது ஆண்டுகளாக அடைத்து வைத்திருந்தது எப்படி வெளிவரும் என்பது அவருக்கே தெரியாது. எழுந்தார்; வாயைத் திறந்தார். மேய்ச்சல் நிலத்தின் மறுகோடியில் நிற்கும் பன்றிகளைத் தீனிக்கு அழைக்கும் அந்தக் கூவல், அவருக்குத் தெரிந்த ஒரே கூவல், வந்தது.

"சூ... யீ...! சூஊஊ... யீஈஈ!"

முன்வரிசையில் ஒரு பெண்மணி காப்பியைக் கொட்டிக்கொண்டார். பிறகு படிக்கட்டு முழுவதும் சிரிப்பு. சிரித்தவர்கள் அனைவரும் அதையே கூவத் தொடங்கினர். பன்றி வாடையைக் கேலி செய்ய வந்தவர்களின் காதுகளில் ஊர் முழுவதும் பன்றியை அழைத்தது. டன்மோரின் பந்தெறியும் வீரன் தன் தோழர்களுக்கு ஏதோ சொல்லிப் பார்த்தான், ஒருவருக்கும் கேட்கவில்லை. எறிந்தான். பந்து எவர் கையிலும் படாமல் சேற்றில் விழுந்து உருண்டது. அத்தோடு ஆட்டம் நார்த் ஃபோர்க்கின் வசமாயிற்று.

டிராக்டர் இருக்கையை மைதானத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். வேட் சட்டையைக் கழற்றினான். குளிரில் அவன் உடலிலிருந்து ஆவி எழுந்தது. முழந்தாளிட்டுத் துடைத்தான். அவன் சட்டையிலிருந்த சேறெல்லாம் இருக்கைக்கு மாறியதேயன்றி இருக்கை தூய்மையடையவில்லை.

"அந்த மூலை அழுக்கா இருக்கே" என்றான் குன்னார்.

"சும்மா இருடா, விரலெல்லாம் மரத்துப்போச்சு."

"துண்டு வேணுமா? உங்காளு இடுப்புல ஒண்ணு இருக்கு. நான் ஒரு தடவைதான் யூஸ் பண்ணேன்."

வேட் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே எழுந்து, குன்னாரின் விலாவைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா?" என்றான். "அது கேவலமான அடிதான். ஒத்துக்கறேன்."

"போன வருஷத்து விரலும் நீதானா?"

"அதுவும்தான்."

"சரி, இன்னும் நல்லாத் தேய்" என்று சொல்லிக் குன்னார் அமர்ந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு சென்றார்கள்.

வேட் சட்டையின்றியே லைல் இருந்த இடத்திற்கு வந்தான். நன்றாக நசுங்கிப்போன சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினான்.

"பெருசு... சார். ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல? பன்னிக்காரன் நான்தான்னு?"

லைல் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். குரல் முற்றிலும் கம்மிவிட்டது. ரோண்டாதான் விடை சொன்னார்: "அவரு ஆரஞ்சுக் கோட்டு போட்டிருந்தாரு தம்பி. நீ முதல்ல ஏதாவது போட்டுக்க, சளி பிடிக்கும். இந்தா, ரொட்டி எடுத்துக்க."

வேட் இரண்டு எடுத்துக்கொண்டான்.

கூட்டம் கலையும் வேளையில் யோலாண்டா வந்தார். ஆரஞ்சு மேலங்கி அவர் கையில் மடித்தபடி இருந்தது.

"லைல், தலைமை நடுவர்கிட்ட பேசிட்டேன். அடுத்த வருஷம் குன்னாரும் டீம்ல இல்ல. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தத் தபால்காரரு நாலாவது முயற்சிக்கு ரெண்டுன்னு போட்டுட்டு நின்னாரு. இந்தாங்க, பிடிங்க. மறுபடியும் வாங்க."

லைல் மேலங்கியைப் பார்த்தார். மைதானத்தில் மகன் இரும்பு இருக்கையில் அமர்ந்து தோள்களின்மேல் போவதையும் பார்த்தார். ஏதோ சொல்ல முயன்றார். காற்று மட்டுமே வந்தது. பிறகு ரோண்டாவின் மடியிலிருந்து காலியான ரொட்டித் தட்டை எடுத்து, எழுந்து நின்று, நீட்டிய மேலங்கிக்கு எதிரே, முழங்காலுக்கு முன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.